கிரீனில் தண்ணீர் நிற்கிறதா? வாசகர் கேள்வி – பதில்

வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது கோல்ஃப் மைதானப் பராமரிப்பில் இருப்பவர்களிடமிருந்து வரும் கேள்விகளில் பெரும்பாலானவை கிரீனில், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் குட்டைப் புல்தரையில், தண்ணீர் தேங்குவதைப் பற்றியவை. அவற்றில் சிலவற்றுக்கு, புல்தரை வேலையும் வடிகால் வேலையும் தெரிந்தவர்கள் இங்கே பதில் தருகிறார்கள்.

கேள்வி: எங்கள் மைதானத்தில் மூன்று கிரீன்களில் இதே தொல்லை. அரை மணி நேரம் மழை பெய்தால் போதும், முன்பக்கத் தாழ்வில் மூன்று, நான்கு மணி நேரம் தண்ணீர் நிற்கிறது. கிரீனைக் கிழித்துப் புதுப் பைப் போட்டுவிடலாம் என்று கமிட்டியில் பேசுகிறார்கள். வேறு வழி இருக்கிறதா?
– ஒரு கிரீன் கீப்பர், சென்னை

பதில்: கமிட்டியை ஒரு வாரம் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். தண்ணீர் எந்த இடத்தில் மறிக்கப்படுகிறது என்று தெரியாமல் தோண்டினால், பைப் புதிதாக இருக்கும், தண்ணீர் பழையபடியே நிற்கும். வெளிவாயிலிருந்து தொடங்கி மேலே ஏறி வாருங்கள்.

முதலில் பைப்பின் வெளிவாய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். பழைய வரைபடம் இல்லாத மைதானங்களில் அது புதருக்குள்ளோ, குளக்கரையின் வண்டலுக்குள்ளோ புதைந்து கிடக்கும். மழை பெய்யும்போதே போய்ப் பாருங்கள். கிரீன் சொதசொதவென்று இருக்க, வாயில் சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லையென்றால் பைப் அடைத்திருக்கலாம். அல்லது தண்ணீர் பைப் வரை இறங்கவே இல்லை. மழை விட்டு நாலு நாள் ஆகியும் சீராக ஓடிக்கொண்டிருந்தால், எங்கேயோ ஊற்றுக் கசிவு இருக்கிறது, அல்லது தெளிப்பான் குழாய் ஒழுகுகிறது. மரவேர் அடைப்பாக இருந்தால் சாக்கடை சுத்தம் செய்யும் ஜெட் வண்டியை வைத்து வெளிவாய்ப் பக்கமிருந்து உள்ளே விட்டு எடுக்கலாம். அழுத்தத்தை மிதமாக வையுங்கள். பழைய பைப் வெடித்தால் மேலே கிரீனில் குழி விழும்.

அடுத்தது காலர், அதாவது கிரீனைச் சுற்றியுள்ள விளிம்புப் புல்பட்டை. முன்பக்கத் தாழ்வில் மட்டும் நிற்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால் எங்கள் முதல் சந்தேகமே இதன்மேல்தான். டாப் டிரெசிங்காகக் கிரீனின் மேல் தூவும் மணலை இழுவை பிரஷ் போட்டு இழுக்கும்போது, கிரீன் முடியும் இடத்தில் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக மணல் சேரும். அறுக்கும் மெஷின் திரும்புகிற இடமும் அதுதான். கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வரப்பு எழும்பிவிடும். ஒரு சதவீத வாட்டத்தில் ஒரு சென்டிமீட்டர் வரப்பு எழும்பினாலே, கிரீனுக்குள் ஒரு மீட்டர் தூரம் தண்ணீர் பின்னால் தேங்கும். சோதிப்பது எளிது. கிரீனுக்குள் இரண்டு மீட்டரில் ஒரு ஆணி, காலரைத் தாண்டி ஒரு மீட்டரில் இன்னொன்று. நடுவே நூல் கட்டி, டியூப் லெவலால் மட்டம் பிடியுங்கள். நூலிலிருந்து தரை வரை அரை அடிக்கு ஒருமுறை அளந்து எழுதுங்கள். வெளியே போகப் போக அளவு கூடிக்கொண்டே போக வேண்டும். ஓரிடத்தில் குறைந்தால் அங்கேதான் வரப்பு.

அதை எடுக்க, வரப்பு இருக்கும் நீளத்துக்கு ஒன்று அல்லது ஒன்றரை மீட்டர் அகலத்தில் புல்லை மூன்று, நான்கு சென்டிமீட்டர் தடிமனில் பத்தையாக வெட்டி எடுங்கள். அடியில் இருக்கும் கூடுதல் மணலைச் சுரண்டி, மறுபடி மட்டம் பார்த்து, அதே பத்தைகளை வரிசை மாறாமல் பதித்து உருளை போடுங்கள். நான்கு ஆள் ஒரு நாளில் முடிக்கிற வேலை. பைப்பே போடாமல் தேக்கம் தீர்ந்துபோகிற கிரீன்கள் நிறைய உண்டு.

மூன்றாவது, மேல் இரண்டு அங்குலம். பந்து விழும் குழியை இடம் மாற்றும்போது ஹோல் கட்டரில் வரும் மண் கட்டியைத் தூக்கிப் போட்டுவிடாமல், பக்கவாட்டில் உற்றுப் பாருங்கள். மேலே கருப்பாக, ஈரம் கசிகிற, நாராகப் பின்னிய அடுக்கு. அதன் கீழே வெளிறிய, உதிர்கிற மணல். இப்படி இருந்தால், மட்கிய புல்லும் வேரும் சேர்ந்த அந்த மேட்தான் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. உறுதி செய்துகொள்ள ஒரு சோதனை. ஆறு அங்குல பி.வி.சி. பைப்பில் ஓரடித் துண்டு வெட்டி, ஒரு முனையைச் சீவிக் கூர்மையாக்கி, மேலே மரக்கட்டை வைத்து அடித்து ஐந்து, ஆறு சென்டிமீட்டர் இறக்குங்கள். உள்ளே ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு முறை இறங்க விட்டு, மூன்றாவது முறைதான் கடிகாரம் பார்க்க வேண்டும். காய்ந்த மண்ணில் முதல் தடவை வேகமாக இறங்கி ஏமாற்றும். புது மணல் கிரீனில் ஐந்து சென்டிமீட்டர் இறங்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் அடைப்பு நிச்சயம். பிறகு பக்கத்திலேயே மேல் ஐந்து சென்டிமீட்டரை வெட்டி எடுத்துவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். இப்போது சட்டென்று இறங்கினால் குற்றவாளி மேட் மட்டும்தான். அப்போதும் இறங்காவிட்டால்தான் அடி மணலையும் பைப்பையும் பற்றி யோசிக்க வேண்டும்.

இந்த மேட் அடுக்குக்கு மருந்து, ஹாலோ டைன் எனும் உள்ளீடற்ற குழல் முள்ளை அடித்துக் கட்டியை வெளியே எடுத்து, துளையை மணலால் நிரப்புவது. 12 மி.மீ. டைன், 5 செ.மீ. இடைவெளி என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 400 துளை. பரப்பில் நாலரை சதவீதம்தான் மாறும். ஒரு தடவை அடித்துவிட்டு முடிந்தது என்று இருப்பது போதாது. வருடத்துக்குப் பதினைந்து, இருபது சதவீதப் பரப்பைத் தொட்டால்தான் மேட் கட்டுக்குள் வரும். அதாவது நாலு தடவை, அல்லது பெரிய டைனில் நெருக்கமாக இரண்டு தடவை. மணல் கணக்கையும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். 75 மி.மீ. ஆழத்துக்கு அடித்தால், 500 சதுர மீட்டர் கிரீனின் துளைகளை நிரப்ப மட்டும் 1.7 கன மீட்டர் உலர்ந்த மணல் வேண்டும். மேலே தூவுவதற்குத் தனி. துளையைப் பாதி நிரப்பி விட்டால் மழையில் அது மூடிக்கொள்ளும். செய்த வேலையெல்லாம் வீண்.

சென்னைக்குச் செப்டம்பர் நடுப்பகுதிக்குள் கடைசிச் சுற்றை முடித்துவிடுங்கள். பெர்முடா வகைப் புல் வெயிலில்தான் துளையை மூடும். ஐப்பசி மழையில் திறந்து கிடக்கும் துளையில் பாசிதான் பிடிக்கும். ஈரமாக இருக்கும்போது டைன் அடிக்கவே வேண்டாம். துளையின் சுவர் மெழுகிய மாதிரி ஆகி, தண்ணீர் பக்கவாட்டில் போகாது.

கேள்வி: ஆற்று மணல் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகவில்லை. கிரீன் கட்டவும் டாப் டிரெசிங்குக்கும் எம்-சாண்ட் போடலாமா? சிலர் ஏரி வண்டலும் கொஞ்சம் கலக்கச் சொல்கிறார்கள்.
– ஒப்பந்ததாரர், கோவை

பதில்: வண்டலைக் கலக்கவே கலக்காதீர்கள். வயலுக்கு அது பொன். கிரீனில் அது மணல் மணிகளுக்கு நடுவே இருக்கும் காற்றிடத்தை அடைத்துவிடும். மணலில் வண்டலும் களியும் சில சதவீதம் கூடினாலே நீர் இறங்கும் வேகம் சரிந்துவிடும், பிறகு அதைப் பிரித்தெடுக்கவும் முடியாது.

எம்-சாண்டைப் பொறுத்தவரை, லோடாக வருவதை அப்படியே போடக் கூடாது. கட்டட வேலைக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 383, உடைத்துத் தயாரித்த மணலில் 75 மைக்ரானுக்குக் கீழான தூளை 15 சதவீதம் வரை அனுமதிக்கிறது. கான்கிரீட்டுக்கு அது சரி, கிரீனுக்குக் கேடு. அமெரிக்க கோல்ஃப் சங்கமான யு.எஸ்.ஜி.ஏ. 1960-ல் வெளியிட்டு, பின்னர் பலமுறை திருத்திய கட்டுமான வழிகாட்டிதான் உலகெங்கும் அடிப்படையாக இருக்கிறது. அதன்படி வேர் வளரும் ரூட் ஜோன் மணலில் குறைந்தது 60 சதவீதம் கால் மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 0.15 முதல் 0.25 மி.மீ. வரை 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்கும் நுண்ணிய மணல், வண்டல், களி மூன்றும் சேர்த்தே 10 சதவீதம்தான். அதிலும் வண்டல் 5, களி 3 தாண்டக் கூடாது. ஒரு மில்லிமீட்டருக்குப் பெரிய பொடிக்கல் 10 சதவீதத்துக்குள்.

எனவே நன்றாகக் கழுவிய எம்-சாண்டை வாங்கி, கட்டடப் பொருள் பரிசோதனைக் கூடத்தில் 2, 1, 0.5, 0.25, 0.15 மி.மீ. சல்லடைகளில் சலித்துத் தரச் சொல்லுங்கள். அவர்கள் வழக்கமாக வைத்திருக்கும் 1.18 மி.மீ., 600, 300, 150 மைக்ரான் சல்லடைகளாக இருந்தாலும் முதல் முடிவுக்கு உதவும். குவாரியில் நின்றபடியே பார்க்க வேண்டுமென்றால் ஒரு லிட்டர் பாட்டிலில் கால் பங்கு மணல், மீதி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்தும் தண்ணீர் சேறாகவே நின்றால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள். பி-சாண்ட் என்று விற்கும் பூச்சு மணல் வேண்டாம். அது மிக நைசு. கடற்கரை மணல் உப்பும் ஒரே அளவு மணியுமாக இருக்கும், மிதித்தால் நகரும், சட்டப்படி அள்ளவும் கூடாது.

எம்-சாண்ட் மணிகள் கூர்முனையுள்ளவை. முனை ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதால் தரை உறுதியாக நிற்கும். ஆனால் அளவு பல ரகமாகக் கலந்திருந்தால் இறுகி விடும். அதனால்தான் சல்லடைக் கணக்கில் இவ்வளவு பிடிவாதம். இன்னொன்று: பழைய கிரீன் ஆற்று மணலில் கட்டியிருந்தால் அதன்மேல் அதைவிட நைசான மணலைத் தூவாதீர்கள். நைசு மேலே, பெருமணி கீழே என்று ஒரு அடுக்கு உருவானால், மேலே இருக்கும் அடுக்கு நிரம்பி வழியும்வரை தண்ணீர் கீழே இறங்காது.

பீட் எனும் சதுப்பு நில மட்கு கிடைக்காத நம் ஊரில், மணலோடு தென்னை நார்க்கழிவைக் கலக்கிறார்கள். நல்ல தண்ணீரில் பலமுறை அலசி உப்பு நீக்கியதாக, மட்கியதாக இருந்தால் கன அளவில் 10 சதவீதம் போதும். கிரீனுக்கு வெளியே, சிமெண்டுத் தளத்தில் கலந்துதான் கொண்டுபோக வேண்டும். குழிக்குள் கொட்டி ரோட்டவேட்டர் ஓட்டினால் ஓரிடம் மணல், ஓரிடம் நார் என்று திட்டுத் திட்டாக ஆகிவிடும்.

கேள்வி: மணலுக்கு அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் சட்டென்று கீழே போய்விடும் என்றுதானே நினைக்கிறோம்? மணலின் அடிப்பகுதி எப்போதும் ஈரமாக இருக்கும் என்று பாடத்தில் சொல்கிறார்கள். புரியவில்லை.
– வேளாண் கல்லூரி மாணவி

பதில்: காபி ஃபில்டரில் டிகாக்ஷன் இறங்கி முடிந்த பிறகு பொடியைத் தொட்டுப் பாருங்கள். கீழே ஓட்டையும் வெற்றிடமும் இருந்தும் அடிப்பொடி கொழகொழவென்று இருக்கும். சிறு இடைவெளிகள் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். கீழே பெரிய இடைவெளி வந்தால், மேலே இருக்கும் தண்ணீரின் எடை அந்தப் பிடியை மீறும்போதுதான் அது இறங்கும். யு.எஸ்.ஜி.ஏ. வழிகாட்டியில் உள்ள, 10 செ.மீ. ஜல்லியின் மேல் 30 செ.மீ. மணல் என்ற கணக்கே இதற்காக வந்ததுதான். அடியில் கொஞ்சம் ஈரம் வேருக்குக் கிடைக்கும், மேல் பாதியில் காற்று இருக்கும்.

நடைமுறையில் இதன் விளைவு பெரிது. கட்டும்போது ஓரிடத்தில் மணல் 20 செ.மீ.தான் விழுந்திருந்தால் அந்த இடம் எப்போதும் நசநசவென்று இருக்கும். 40 செ.மீ. விழுந்த மேட்டில் புல் கருகும். ஆகவே மணல் தடிமன் எங்கும் 25 மி.மீ.க்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. ஜல்லியும் மணலுக்குப் பொருந்த வேண்டும். 12 மி.மீ.க்கு மேல் ஒரு கல்லும் கூடாது, 2 மி.மீ.க்குக் கீழ் 10 சதவீதத்துக்குள். ரோடு போடும் முக்கால் இஞ்ச் ஜல்லியைப் போட்டால் மணல் அதற்குள் ஒழுகி, மேலே பள்ளம் விழும்.

கேள்வி: எங்களுடையது மண்ணை மேடாகக் குவித்துக் கட்டிய பழைய கிரீன். அடியில் பைப்பே கிடையாது. எல்லாச் சோதனையும் செய்துவிட்டோம், அடிமண்தான் இறுகியிருக்கிறது. கிரீனை முழுதாகக் கிழிக்காமல் பைப் இறக்க முடியுமா? பரப்பு 450 சதுர மீட்டர்.
– மைதான மேற்பார்வையாளர், பெங்களூரு

பதில்: முடியும். நன்றாகச் செய்தால் இரண்டு, மூன்று வாரத்தில் ஆட்டத்துக்குத் திறந்துவிடலாம்.

தாழ்வான ஓரத்தை நோக்கி வாட்டம் அதிகமுள்ள திசையில் ஒரு பிரதான கோடு. அதிலிருந்து இரு பக்கமும் மீன்முள் மாதிரி கிளைகள். இறுகிய மண்ணில் கிளைகளின் இடைவெளி இரண்டு மீட்டரைத் தாண்டக் கூடாது; ஜல்லி அடுக்குள்ள கிரீனுக்குச் சொல்லும் ஐந்து மீட்டர் இங்கே பொருந்தாது. உங்கள் பரப்புக்குக் கிளை நீளம் மட்டும் ஏறக்குறைய 225 மீட்டர் வரும். தாழ்வான விளிம்பை ஒட்டி, அதன் வளைவிலேயே ஒரு கிளை அவசியம். தண்ணீரெல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும்.

புல்லை ஓரடி அகலப் பத்தைகளாக வெட்டி, எடுத்த வரிசையிலேயே நிழலில் அடுக்கி வையுங்கள். வாய்க்கால் தோண்டும் கோட்டின் இரு பக்கமும் பிளைவுட் பலகை விரித்து, தோண்டும் மண் நேராகத் தள்ளுவண்டியில் விழும்படி பாருங்கள். ஒரு கைப்பிடிக் களிமண் கிரீனில் சிந்தி மிதிபட்டால்கூட அது திட்டாக இறுகிக் கிடக்கும். வாய்க்கால் 12 செ.மீ. அகலம், 40 முதல் 45 செ.மீ. ஆழம். வாட்டம் குறைந்தது ஒரு சதவீதம், அதாவது பத்து மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர். மேற்பரப்பு சரிவாக இருக்கிறதே என்று ஒரே ஆழத்தில் தோண்டிப் போகாதீர்கள். கிரீன் மேடு பள்ளமாக இருக்கும். மூன்று மீட்டருக்கு ஒருமுறை அடிமட்டத்தை லெவல் வைத்தே பாருங்கள். அடியில் ஒரு சிறு பள்ளம் இருந்தாலும் அங்கே வண்டல் படிந்து, சில வருடத்தில் பைப் மூடிக்கொள்ளும்.

கிளைகளுக்கு 50 மி.மீ. ஓட்டைப் பைப், பிரதானத்துக்கு 100 மி.மீ. ஓட்டை கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும். கீழிருந்து உயரும் தண்ணீர் உள்ளே நுழையும், மணல் மேலிருந்து கொட்டாது. ஒவ்வொரு கோட்டின் மேல்முனையையும் முழங்கை (எல்போ) பைப் துண்டு வைத்துக் காலருக்கு வெளியே மேலே கொண்டுவந்து மூடி போட்டு, மூடியின் அடியில் ஒரு இரும்பு வாஷர் வையுங்கள். பின்னாளில் மெட்டல் டிடெக்டரில் கண்டுபிடித்துத் தண்ணீர் அடித்துக் கழுவலாம். அந்த முனை இல்லாததால்தான் பல கிரீன்களில் பத்து வருடத்தில் மறுபடி தோண்ட வேண்டி வருகிறது.

நிரப்புவது முழுக்க மேலே சொன்ன தரத்து மணல். தோண்டிய களிமண்ணில் ஒரு கூடைகூட உள்ளே போகக் கூடாது. பத்து சென்டிமீட்டருக்கு ஒரு அடுக்கு, ஒவ்வொரு அடுக்கையும் குத்துக்கட்டையால் இறுக்கித் தண்ணீர் விட்டு அமர்த்த வேண்டும். உங்கள் அளவுக்குக் கணக்கு 11 கன மீட்டர் வரும். இறுகுவதையும் சேர்த்து 13 கன மீட்டர், சுமார் 20 டன், சொல்லி வையுங்கள். இந்த ஒரு கட்டத்தில் அவசரப்பட்டால் முதல் பெருமழையில் கோடு கோடாக அமுங்கி, பந்து குதித்துப் போகும்.

மண் கிரீனில் மணல் கோடுகள் கோடையில் முதலில் காயும். புல் நீலச் சாம்பல் நிறத்துக்கு மாறும்போதே கை ஹோஸால் அந்தக் கோடுகளுக்கு மட்டும் தண்ணீர் காட்டுங்கள். முழுக் கிரீனுக்கும் தெளிப்பானைத் திறந்துவிட்டால் நடுவில் உள்ள மண் மறுபடி சேறாகும். தொடர்ந்து மணல் டாப் டிரெசிங் செய்து வந்தால் சில வருடங்களில் மேலே மணல் கூடி, கோடு மங்கிவிடும்.

கேள்வி: பைப்பைச் சுற்றித் துணி கட்டினால் மண் உள்ளே வராது என்கிறார்கள். கட்டலாமா?
– வாசகர், மதுரை

பதில்: கட்டாதீர்கள். நைசான துகள்கள் துணியில் போய் ஒட்டி, மெல்லியதொரு சேற்றுத் தோலாக அடைத்துவிடும். துணியில்லாமல் உள்ளே நுழையும் சிறிதளவு துகளை வாட்டம் சரியாக உள்ள பைப் தானே கழுவி வெளியேற்றிவிடும்.

கேள்வி: எங்கள் கிரீன் மலைச்சரிவின் கீழே இருக்கிறது. மழை விட்டு ஒரு வாரம் ஆனாலும் மேல்பக்கம் ஓதம் காயவே இல்லை. கிரீனுக்குள் பைப் இருக்கிறது, வேலையும் செய்கிறது.
– வாசகர், நீலகிரி

பதில்: அது கிரீனில் விழுந்த மழையல்ல, மலைக்குள் இறங்கிய மழை. செம்மண்ணுக்குள் ஊறி, அடியில் உள்ள இறுகிய அடுக்கைத் தொட்டதும் அதன்மேல் சாய்வாக வழிந்து உங்கள் கிரீனில் வந்து கசிகிறது. உள்ளே எத்தனை பைப் போட்டாலும் வரத்து நிற்காது. வெளியிலேயே மறிக்க வேண்டும்.

காலரிலிருந்து மேல்பக்கம் மூன்று மீட்டர் தள்ளி, இரண்டு மூன்று இடங்களில் முழங்கால் ஆழத்துக்கும் மேலாகக் குழி தோண்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். குழியின் சுவரில் எந்த உயரத்தில் தண்ணீர் கசிகிறது என்று தெரியும். அதற்கும் கீழே, இறுகிய அடுக்குக்குள் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் இறங்குகிற ஆழத்தில் ஓரடி அகல வாய்க்கால், கிரீனின் மேல்பக்க அகலத்தைத் தாண்டி இரு பக்கமும் நீள வேண்டும். வாய்க்கால் அதற்கு மேலேயே நின்றுவிட்டால் தண்ணீர் பைப்புக்கு அடியில் நுழைந்து போய்விடும். அடியில் 100 மி.மீ. பைப், மேலே தரைமட்டம் வரை கழுவிய ஜல்லி. மேலே மண் போட்டு மூடினால் மேற்பரப்பில் வழிந்து வரும் தண்ணீரைப் பிடிக்காது. வெளிவாயைக் கிரீனுக்குக் கீழே, மண் அரிக்காத கல்பாவிய இடத்தில் விடுங்கள்.

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் என்றால் வடகிழக்கு மழைக்கு முன்பும், கூடலூர்ப் பக்கம் என்றால் ஜூனுக்கு முன்பும் முடித்தாக வேண்டும். கிரீனின் கிழக்கே உயர்ந்த மரங்கள் காலை வெயிலை மறைத்தால் கிளைகளைக் கழிப்பதும் இதே வேலையில் சேர்ந்ததுதான். நிழலில் புல் தண்ணீரைக் குறைவாகத்தான் உறிஞ்சும்.

கேள்வி: குழி வெட்டும்போது அழுகிய முட்டை நாற்றம். நாலு அங்குலத்தில் கருப்பாக ஒரு கோடு.
– உதவி கிரீன் கீப்பர், புதுச்சேரி

பதில்: காற்றில்லாத மண்ணில் ஒருவகை பாக்டீரியா சல்பேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்குகிறது, அது இரும்போடு சேர்ந்து கருப்பாகப் படிகிறது. வேர் அந்தக் கோட்டைத் தாண்டாது. அந்த ஆழத்தையும் தாண்டுகிற டைன் அடித்துக் காற்று விடுங்கள், தண்ணீரைக் குறையுங்கள், அம்மோனியம் சல்பேட் போன்ற கந்தக உரங்களை நிறுத்துங்கள். கருப்பு வெளுத்து நாற்றம் போனால் காற்று போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

கேள்வி: தினமும் மாலையில் இடிமழை. மழை விட்டதும் எவ்வளவு நேரத்தில் கிரீனில் ஆளை விடலாம்?
– மேற்பார்வையாளர், ஜொகூர், மலேசியா

பதில்: நேரத்தைக் கணக்கு வைக்க முடியாது, காலால் பார்க்க வேண்டும். குழியைச் சுற்றி ஓரடித் தூரத்தில் நின்று குதிகாலால் அழுத்துங்கள். காலணியைச் சுற்றித் தண்ணீர் மேலெழுந்தால் யாரையும் விடாதீர்கள். அந்த நிலையில் நாற்பது பேர் மிதித்தால், டைன் அடித்துச் சேர்த்த காற்றிடம் அன்றைக்கே போய்விடும். நின்ற தண்ணீரை ரப்பர் துடைப்பானால் தள்ளலாம், ஆனால் தாழ்வான பக்கம் மட்டும், காலரைத் தாண்டி. அறுக்கும் மெஷினை மறுநாள் காலை இறக்குங்கள். அதுவும் எடை குறைந்த, தள்ளி அறுக்கும் மெஷினாக, உயரத்தை அரை மில்லிமீட்டர் கூட்டி. ஒரு வாரம் விடாமல் மழையென்றால் குழியை மேட்டுப் பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள்.